மலத்திலிருந்து எண்ணெய்: தீவுகளுக்கு உதவுமா?

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுதலாகச் சொல்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையோடு சேராத யாழ்ப்பாணத் தீவுகள். கடல் கடந்து வரும் டீசலை நம்பி இருந்தவை. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் சூரிய, காற்று மின்திட்டத்துக்கு ஒப்பந்தமானது. அதிலும் 2500 கிலோவாற் டீசல் இயந்திரம் காவலுக்கு உண்டு. அதனால்தான் மலக்கழிவில் எண்ணெய் எடுக்கலாம் என்று கேட்டதும் தீவார் காதைத் தீட்டுகிறார்கள்.

கதை உண்மைதான். அமெரிக்காவின் பசிபிக் நோர்த்வெஸ்ட் தேசிய ஆய்வுகூடம் 2016இல் இதை விரிவாக அறிவித்தது. கழிவுச் சேற்றைக் குழாயில் அடைத்து, ஏறத்தாழ 350 பாகை செல்சியசில், வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் வைக்கிறார்கள். பிரஷர் குக்கர் போலத்தான். ஆனால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகாது. சூடான அந்தத் தண்ணீரே கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கிறது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாசி எண்ணெயானது. இங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் மசகெண்ணெய் பிரிந்து வருகிறது. சேற்றைக் காயவைக்கத் தேவையில்லை. என் கண்ணில் இதன் பெரிய கெட்டித்தனம் அதுதான்.

கிடைப்பது எவ்வளவு? அவர்களின் கணக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு 2 முதல் 3 கலன், அதாவது சுமார் 10 லீற்றர். நாலாயிரம் பேர் இருக்கும் தீவென்று வைத்தால் நாளுக்கு 110 லீற்றர். அதையும் சுத்திகரித்தால்தான் டீசலாகும். 100 கிலோவாற் இயந்திரமொன்று முழுச் சுமையில் அதை நாலு மணித்தியாலத்தில் குடித்துவிடும். இதற்காக இவ்வளவு அழுத்தம் தாங்கும் ஆலையைப் படகேற்றுவது வீண்செலவு. ஆலை வேண்டுமென்றால் யாழ்ப்பாண நகரத்தை அண்டி இருக்கட்டும். பண்ணைப் பாலத்தால் தரைவழி உள்ள வேலணை, ஊர்காவற்றுறைக் கழிவை பவுசரில் அங்கே கொண்டுபோகலாம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அந்த வழி இல்லை.

எண்ணெயைவிட எனக்குக் கவலை தண்ணீர். இந்தத் தீவுகள் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது. மலக்குழியில் ஊறுவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகும். கிணற்றில் கிடைக்கிற நன்னீர் அந்தப் படை மட்டுந்தான்.

ஆகவே புதிதாகக் கழிவறை கட்டுகிறவர்களே, அடியும் பக்கமும் கொங்கிறீற் போட்டுக் கசியாத தொட்டியாகக் கட்டுங்கோ. கிணற்றிலிருந்து எட்டத் தள்ளிக் கட்டுங்கோ.