தெருவில் சரி, தாளில் தவறு

ரெசிஃபே, பிரேசிலின் வடகிழக்குக் கடலோர நகரம். 1980களின் தொடக்கத்தில், அங்கே தேங்காய் விற்றுக்கொண்டிருந்த சிறுவனிடம் ஒருவர் வந்து விலை கேட்டார். ஒன்று 35 குருசேரோ. பத்து வாங்கினால் எவ்வளவு? சிறுவன் வாய்விட்டே கணக்குப் போட்டான். மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, பாக்கி நான்கு... 315... 350. முப்பத்தைந்துக்குப் பின்னால் ஒரு சுழியம் போடும் பள்ளிக்கூட வழியின் பக்கமே அவன் போகவில்லை.

விலை கேட்டவர் ஓர் ஆய்வாளர். தெரெசிஞா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு இது. கலந்துகொண்டவர்கள் 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகள் மட்டுமே. வியாபாரத்துக்கு நடுவே கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்னார்கள். சில நாட்களில், அதே பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகத் தந்தபோது சரியானவை 37 விழுக்காடு. வார்த்தைக் கணக்காக எழுதித் தந்தால் 74.

எப்படித் தவறினார்கள் என்பதுதான் என்னை மிகவும் பாதித்தது. தெருவில் நான்கு தேங்காய்க்கு 140 என்று சரியாகச் சொன்ன ஒரு பிள்ளை, தாளில் 35ஐ 4ஆல் பெருக்கியது. நாலஞ்சு இருபது, சுழியம் போட்டு மனதில் 2. அந்த 2ஐ முதலிலேயே 3உடன் கூட்டி 5 ஆக்கி, மறுபடியும் நாலஞ்சு இருபது. விடை 200. வாடிக்கையாளர் யாராவது அந்த விலையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையே திருத்தியிருக்கும்.

இந்தப் பிள்ளையின் நுண்ணறிவு எவ்வளவு என்று கேட்டால், எந்த விடைத்தாளைப் பார்ப்பது?

பிரிட்டிஷ் உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் ஒன்றைக் கவனித்தார். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் மாணவர், பெரும்பாலும் மற்ற பாடங்களிலும் நன்றாகச் செய்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்று சொல்லி, அதற்கு 'ஜி' என்று பெயரிட்டார். மதிப்பெண்களுக்கிடையே அவர் கண்ட உறவு, பிறகு எத்தனையோ ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அதை மறுப்பது நேர்மையல்ல. அதை மூளைக்குள் இருக்கும் ஒற்றைப் பொருளாக எண்ணுவதுதான் அவசர முடிவு. அமெரிக்கரான தர்ஸ்டன் 1938இல் ஏழு தனித்திறன்களைப் பட்டியலிட்டார். ஹவார்ட் கார்ட்னரின் பல்வகை நுண்ணறிவுக் கோட்பாடு (1983) ஆசிரியர்களிடையே பெரும் புகழ் பெற்றது. அதற்கான சோதனைச் சான்று மிகவும் மெலிந்தது. ரெசிஃபே பிள்ளைகளுக்கு நெருக்கமாக வருபவர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க். வாழ்க்கைச் சூழலைச் சமாளிக்கும் நடைமுறை அறிவையும் நுண்ணறிவின் ஒரு பங்காக அவர் எண்ணுகிறார்.

முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியவர், மதிப்பெண்ணை மாறாத ஒரு பொருளாக எண்ணும் ஆபத்தை அறிந்தே இருந்தார். ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் பாரிஸில் 30 பணிகளைத் தொகுத்தது, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவத்தான். நுண்ணறிவு கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்ற எண்ணத்தை 1909இல் அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1911இல் இறந்துவிட்டார். அமெரிக்காவில் உளவியலாளர்கள் கொடார்டும் டெர்மனும் அதே சோதனையைப் பிறவிச் சொத்தின் அளவுகோலாக மாற்றினார்கள். ஒரு நல்ல கருவிக்கு நேர்ந்த பெரிய அநீதி இது.

சோதனையின் கேள்வியே எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானுக்குப் போய், எழுத்தறியாத விவசாயிகளிடம் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றின் படங்களைக் காட்டினார். இவற்றில் எது சேராதது? எல்லாமே சேரும் என்றார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை? கொஞ்ச காலம் படித்தவர்களோ மூன்றையும் கருவிகள் என்று பிரித்து, கட்டையை ஒதுக்கினார்கள்.

நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிளின், 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி ஐ.க்யூ. பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளிகள் வீதம் ஏறியதைக் காட்டினார். இரண்டு மூன்று தலைமுறைகளில் மரபணுக்கள் இவ்வளவு மாறாது. பொருள்களை வகைபிரிக்கும் இந்தப் பழக்கம் பரவியதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்ன அவர், லூரியாவின் விவசாயிகளைத் தம் நூல்களில் திரும்பத் திரும்பச் சுட்டினார். குழந்தைகளுக்கான அமெரிக்கச் சோதனைகளில் மிக அதிகமாக ஏறியவற்றுள் ஒன்று, இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள ஒற்றுமையைக் கேட்கும் பகுதி. மிகக் குறைவாக ஏறியவற்றுள் ஒன்று கணக்கு.