பத்துக் கோடிச் செவிகள்

ராஜ்யம் ஆள்வோருக்கும் பத்திரிகை நடத்துவோருக்குமே ஜனங்களின் செவி உரியதென்று எண்ணிய காலம் போய்விட்டது. ஸ்வீடன் தேசத்தில் கோதன்பர்க் நகரத்தில் 1989-ம் வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி பிறந்த பெலிக்ஸ் ஷெல்பெர்க் என்பவர், பட்டமும் பதவியுமின்றித் தமது அறையில் ஒரு காமிராவின் முன் உட்கார்ந்தபடியே பத்துக் கோடி சந்தாதார்களைச் சேர்த்தார். யூட்யூபில் இவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் தனி மனிதர் அவரே. அது 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில். பியூடிபை என்ற புனைபெயரால் உலகமறிந்த இவருடைய சரித்திரத்தை நம் ராஜீய ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். கூட்டம் சேர்ப்பது ஒரு வித்தை; சேர்ந்த கூட்டத்துக்குப் பொறுப்பேற்பது வேறொரு தர்மம். முன்னது கைகூடியதனாலேயே பின்னது வந்துவிடுவதில்லை.

சால்மர்ஸ் தொழில்நுணுக்க சர்வகலாசாலையில் வாசித்துக்கொண்டிருந்த இவ்வாலிபர் 2010-ம் வருஷத்தில் தமது சானலைத் துவக்கினார்; மறு வருஷம் படிப்பைக் கைவிட்டார். ஜீவனத்துக்காக ஹாட் டாக் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தார். பயங்கரமான வீடியோ விளையாட்டுக்களைத் தாம் ஆடிக்கொண்டே அலறுவதும் சிரிப்பதுந்தான் அவர் காட்டிய வேடிக்கை. அதில் கல்வி இல்லை, சங்கீதமும் இல்லை. ஆயினும் பார்ப்போரைத் தம் சகோதரர் என்றழைத்து, முடிவில் முஷ்டியை அவர்களை நோக்கி நீட்டி விடைபெறுவார். தனியே அறையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கு ஒரு தோழன் கிடைத்துவிட்டான். 2012-ல் பத்து லக்ஷம். 2013-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் உலகிலேயே முதலிடம். எந்த மேடைப் பிரசங்கியும் கனவில் காணாத வளர்ச்சி இது. இதில் அவருடைய உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை.

2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நடந்ததைக் கவனிப்போம். ஐந்து டாலர் கூலிக்கு எதையும் செய்து தரும் இணையச் சந்தையொன்றின் மூலம், யூதர்களுக்கெல்லாம் மரணம் என்றெழுதிய வாசகத்தை இரண்டு இந்திய வாலிபர்கள் பிடித்துக் காட்டும்படி அவர் ஏற்பாடு செய்து, அதைத் தம் படத்தில் வெளியிட்டார். அவ்வாசகத்தின் பொருள் தங்களுக்குத் தெரியாதென்று அவ்வாலிபர்கள் பிற்பாடு சொன்னார்கள். பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை இதனையும் இவரது வேறு சில படங்களையும் பற்றி எழுதியது. டிஸ்னி கம்பெனியைச் சேர்ந்த மேக்கர் ஸ்டூடியோஸ் உறவை அறுத்துக்கொண்டது. யூட்யூபும் அவருடைய தொடரொன்றை ரத்து செய்தது.

ஐந்து டாலருக்கு இவ்வுலகில் எதுவும் நடக்குமென்று காட்டவே அவ்வாறு செய்ததாக மிஸ்டர் ஷெல்பெர்க் சமாதானம் கூறினார்; வேடிக்கை எல்லை மீறிவிட்டதென்றும் ஒப்புக்கொண்டார். அவருடைய நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் நிரூபணம் யாருடைய முகத்தின்மேல் நடந்தது? வறிய தேசத்தார் இருவரின் முகத்தின்மேல்! அவருக்கோ ஒப்பந்தம் போயிற்றேயன்றிக் கூட்டம் போகவில்லை. வேடிக்கையின் லாபம் ஒருவருக்கும் அதன் மானக்கேடு மற்றொருவருக்கும் போய்ச்சேருமாயின் அதற்கு வேடிக்கையென்று பெயரிடுதல் யுக்தமன்று.

பின்பு வந்தது டில்லியோடு போட்டி. பழரச வியாபாரியின் குமாரரான குல்ஷன் குமார் ஸ்தாபித்த டீ-ஸீரீஸ் கம்பெனி, பாட்டுப் படங்களின் பலத்தால் 2018-ல் அவரை நெருங்கிற்று. அவர் பரிகாசப் பாட்டுக் கட்டினார். அவருடைய ரஸிகர்களிற் சிலரோ இந்தியர்களைக் கேவலமாக ஏசத் தலைப்பட்டனர். அவர் அதனைக் கண்டித்து, 2018-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நம் நாட்டுக் குழந்தைகளின் நலத்துக்கென உழைக்கும் க்ரை ஸ்தாபனத்துக்கு நிதியும் திரட்டினார். இந்நற்செய்கையை மறைப்பது நியாயமாகாது. 2019-ம் வருஷம் ஏப்ரலில் டில்லி ஹைகோர்ட்டு அவருடைய இரண்டு பாட்டுக்களை இந்தியாவில் காட்டலாகாதென்று இடைக்கால உத்தரவிட்டது. வழக்கு பின்னர் ராஜியில் முடிந்தது.

அதற்குச் சற்று முன், மார்ச் மாதம் 15-ந் தேதி, நியூஜீலந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு மசூதிகளில் 51 பேர் உயிரிழக்கக் காரணமான கொலைகாரன், சுடத் தொடங்குமுன் இவருக்குச் சந்தாதாராகுங்கள் என்ற கோஷத்தை உச்சரித்தான். தமது பெயர் அவன் வாயில் வந்தது தம் மனத்தைப் பதறச் செய்ததென்று இவர் அறிவித்தார். சட்டத்தின் கண்ணில் இவர் குற்றவாளியல்லர். நியாயத்தின் கண்ணிலும் அக்கொலையை இவர்மேல் சுமத்த நாம் துணியோம். ஆயினும் கோஷமென்பது வில்லை விட்ட அம்பு. ஏப்ரல் 28-ந் தேதி அக்கோஷத்தை நிறுத்திவிடும்படி தம் கூட்டத்தாரை அவரே வேண்டிக்கொண்டார்.

இதனினும் பெரிய படிப்பினையொன்று அவ்வருஷம் செப்டம்பரில் கிடைத்தது. யூதத் துவேஷத்தை எதிர்க்கும் சங்கமொன்றுக்கு 50,000 டாலர் தருவதாக அவர் அறிவித்தார். ரஸிகர்கள் ஆட்சேபித்தார்கள். மறுநாளே வாக்கைத் திரும்பப் பெற்றார். பிறர் யோசனைப்படி அச்சங்கத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும், தாமே ஆராய்ந்து முடிவு செய்யவில்லையென்றும் காரணம் சொன்னார். சரியாகவே இருக்கட்டும். பார்த்தவர்களுக்குத் தெரிந்ததோ, பத்துக் கோடிப் பேரைத் திரட்டியவர் அவர்களில் ஒரு பகுதியாரின் கூச்சலுக்கு எதிரே ஒரு நாள் நிற்க முடியவில்லையென்பதே.

2022-ல் அவர் ஜப்பானில் குடியேறினார். அவ்வருஷமே தனி மனிதர்களுள் முதலிடமும் அமெரிக்கரொருவரிடம் போய்ச்சேர்ந்தது. முதலிடம் எவரிடம் சென்றாலும் கேள்வி மாறுவதில்லை. நம் நாட்டில் 1867-ம் வருஷத்துச் சட்டம், அச்சிடுவோர் பெயரையும் பிரசுரிப்போர் பெயரையும் தாளிலேயே பொறிக்கும்படி விதித்திருந்தது. அந்நிய ஆட்சி அதனைத் தன் காவலுக்காகச் செய்தது வாஸ்தவம். எனினும் சொல்லுக்கு உடையவன் ஒருவன் வேண்டுமென்ற உண்மை அதிலிருந்தது. வாயைக் கட்டும் புதுச் சட்டம் எதையும் நாம் கோரவில்லை. இன்று நம் கட்சிகளெல்லாம் கைப்பேசித் திரையிலேயே தொண்டர்களைத் திரட்டுகின்றன. அவ்வூழியர்களை நாம் கேட்பது இதுதான்: உங்கள் கூட்டத்தார் தவறு செய்யும்போது, அவர்களுக்குப் பிரியமில்லாத ஒரு சொல்லை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல உங்களால் முடியுமா? முடியாதாயின், நீங்கள் அவர்களுக்குத் தலைவரல்லீர். அவர்களுடைய விளையாட்டுப் பொருளே ஆவீர்.