நீர்த்தாவரங்கள் உணர்த்தும் உண்மை

கண்டி வாவி 1807ஆம் ஆண்டில் மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனால் அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள மலைச்சரிவுகளின் மழைநீர் இதனை வந்தடைகின்றது. அந்நீர் எதனைச் சுமந்து வருகின்றது என்பதை நீர்நிலைகளில் வளரும் தாவரங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு நீர்த்தாவரமும் தனக்கேற்ற இடத்திலேயே செழிக்கின்றது. தாமரையும் அல்லியும் ஆழம் குறைந்த நீரின் சேற்றில் வேரூன்றுகின்றன. நீரினுள் அமிழ்ந்து வாழ்பவற்றுக்கு ஒளி ஊடுருவும் தெளிந்த நீர் அவசியம். மிதந்து வளரும் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் நாடுவது, அசைவு குறைந்த, போசணை மிகுந்த நீரையே.

மழைக்காலம் பசளையையும் கழிவையும் நீர்நிலைகளில் கொண்டுவந்து சேர்க்கின்றது. மழை ஓய்ந்து, வெயிலேறி, நீரோட்டம் தளர்கையில் இவை அப்போசணையை உறிஞ்சிப் பெருகுகின்றன. சாதகமான சூழலில் ஆற்றுவாழை இரு வாரங்களில் இருமடங்காகிவிடக்கூடும். 1999இல் கண்டி வாவியில் நீலப்பச்சை அல்காக்கள் பெருகியதற்கும் போசணை மிகுதியே வழிவகுத்தது.

ஆற்றுவாழையை ஒழிக்க இந்நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும் கழிவுநீர் வந்து கலக்கும்வரை, களைகளை அள்ளி அகற்றுவது தற்காலிக நிவாரணமே. வாவியின் நீர் மெத எல வழியாக மகாவலியை அடைகின்றது. கண்டி மக்கள் பருகும் நீரும் பெருமளவில் மகாவலி தருவதே.

பள்ளிவாசலில் வுழூச் செய்யும் ஹவ்ழின் நீரைத் தூய்மையாகப் பேணும் நாம், வீட்டுக் கழிவுநீரை அருகிலுள்ள ஓடையில் விடுவது முறையாகுமா? மாநகர சபை வெயில்காலத்துக்கு முன்னரே களையகற்ற வேண்டும். கழிவுநீர் கலக்கும் வழிகளையும் அடைக்க வேண்டும். நமது வீட்டு வடிகாலைச் சீர்செய்யும் பொறுப்போ நம்முடையதே.