சாய்ந்த தகட்டின் நிஜ அளவு

அரிசி ஆலையில் நெல் கொட்டும் ஹாப்பரைப் பார்த்திருப்பீர்கள். மேலே அகன்று கீழே குறுகும், நான்கு சாய்ந்த தகடுகளால் ஆன தொட்டி. மேல்வாய் 600 மி.மீ. சதுரம், கீழ்வாய் 200 மி.மீ. சதுரம், உயரம் 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எலிவேஷனில், அதாவது முன்தோற்றத்தில், ஒரு சரிவகம் தெரியும். பிளானில், அதாவது மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில், பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரம், மூலைக்கு மூலை இணைத்த நான்கு கோடுகள். டிராயிங்கில் பிழையே இல்லை.

அந்தச் சரிவகத்தை அப்படியே தகட்டில் மார்க் செய்து நான்கு துண்டு வெட்டிப் பற்றவைத்தால் என்ன ஆகும்? ஹாப்பர் அழகாகச் சேரும். ஆனால் உயரம் 458 மி.மீ.தான் வரும். மேலே ஃபிரேமில் மாட்டிய பிறகு, கீழ்வாய் இயந்திரத்தைத் தொடாமல் 42 மி.மீ. அந்தரத்தில் நிற்கும்.

சாப்பாட்டுத் தட்டை முகத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சாயுங்கள். வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகும். டிராயிங்கிலும் இதேதான். பார்க்கும் திசைக்கு நேராக நிற்கும் முகம் மட்டுமே நிஜ அளவில் தாளில் விழும். சாய்ந்த முகம் சுருங்கியே விழும். தரையோடு 60 டிகிரி சாய்ந்த முகத்தில் 40 மி.மீ. வட்டத் துளை போட்டால், பிளானில் அதன் அகலம் ஒரு திசையில் 40, மறு திசையில் 20. ஹாப்பர் தகடோ எலிவேஷன், பிளான், பக்கத் தோற்றம் மூன்றிலுமே தன் முழு முகத்தைக் காட்டுவதில்லை. அதற்கு நேர் எதிரே போய் நின்று பார்க்கும் நான்காவது தோற்றம் வேண்டும். அதுதான் ஆக்ஸிலரி வியூ, துணைத் தோற்றம்.

எலிவேஷனை மறுபடி பாருங்கள். வலப்பக்கத் தகடு அங்கே வெறும் சாய்ந்த கோடாகத் தெரிகிறது. அளந்தால் 538.5 மி.மீ. தகட்டின் நிஜமான சரிவு உயரம் அதுவே. எலிவேஷனையும் பிளானையும் பிரிப்பது எக்ஸ்-ஒய் கோடு. அந்தச் சாய்ந்த கோட்டுக்கு இணையாகப் புதிய எக்ஸ்-ஒய் கோடு ஒன்றைப் போட்டு, இரு முனைகளிலிருந்தும் செங்குத்தாகக் கோடு இழுங்கள். பிளானில் தகட்டின் ஒவ்வொரு மூலையும் பழைய எக்ஸ்-ஒய் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதை டிவைடரில் எடுத்துப் புதிய கோட்டிலிருந்து குறியுங்கள். நான்கு புள்ளிகளையும் சேர்த்தால் தகடு முழு அளவில் வந்துவிடும்.

பொறியியல் முதலாண்டு மாணவர்கள் பலர் இந்தப் படிகளை மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. படிகளுக்கான காரணம் அவ்வளவு எளிது. பழைய பிளான் தளம், புதிய துணைத்தளம் இரண்டுமே எலிவேஷன் தளத்துக்குச் செங்குத்தானவை. ஆகவே எலிவேஷன் தளத்திலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இரண்டிலும் மாறாது. இது புரிந்துவிட்டால் படிகள் தாமாகவே வரும்.

இந்த வரைமுறைக்கு ஒழுங்கான கணித அடித்தளம் போட்டவர் பிரான்சின் காஸ்பார் மோன்ஜ். 1746இல் பிறந்தவர், வணிகர் மகன். மெசியேர் இராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை பார்த்தபோது, எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் மறையும்படி கோட்டையை அமைக்கும் கணக்கு அவரிடம் வந்தது. நாள்கணக்கில் கூட்டிக் கழிக்கவேண்டிய வேலை அது. வடிவியல் முறையில் அவர் சீக்கிரமே முடித்துக் கொடுத்துவிட, இவ்வளவு வேகமாக வந்த விடை சரியாக இருக்காது என்று அதிகாரி முதலில் சரிபார்க்கவே மறுத்தாராம். பிறகு அதன் அருமை தெரிந்து, அந்த முறையை இராணுவ ரகசியமாகவே பூட்டி வைத்தார்கள். 1795இல்தான் பாரிசில் மோன்ஜ் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது.

ஹாப்பரில் இன்னொரு சிக்கல் பாக்கியிருக்கிறது: இரண்டு தகடுகள் கூடும் மூலை. அங்கே வெளிப்பக்கமாக 90 டிகிரி எல்-ஆங்கிளை வைத்தால் ஒட்டி உட்காராது. மூலையின் நிஜக் கோணம் எந்த வழக்கமான தோற்றத்திலும் இல்லை. பிளானில் மூலைக்கோட்டின் நீளம் 283 மி.மீ., எலிவேஷனில் 538.5. இரண்டுமே நிஜமல்ல. பிளானில் உள்ள அந்த 283 மி.மீ. கோட்டுக்கு இணையாக ஒரு துணைத் தோற்றம் போட்டால் நிஜ நீளம் 574.5 வருகிறது. அதன் மேல் இரண்டாவது துணைத் தோற்றம் ஒன்று, இந்த முறை மூலைக்கோட்டின் வழியாகவே பார்ப்பதுபோல. அப்போது அந்த நீண்ட கோடு ஒற்றைப் புள்ளியாக ஒடுங்கும். அதிலிருந்து இரு தகடுகளும் இரண்டு கோடுகளாக விரியும். பாகைமானியை வைத்துப் பாருங்கள், 98 டிகிரி.