புல்வெளியின் அடியில் ஓர் ஊர்

இங்கிலாந்தின் தென்பகுதியில் டார்செட் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே மரஞ்செறிந்த குன்றுகளுக்கிடையே, தொன்மையான மில்டன் ஆலயம் தனித்து நிற்கிறது. அருகில் பெரியதொரு மாளிகை. சுற்றிலும் பரந்த புல்வெளி. அப்பால் ஓர் ஏரி. காண்போர் இவ்வழகை இயற்கையின் கொடையென்றே எண்ணுவர். ஆயினும் உண்மை வேறு. இப்புல்வெளியின் அடியில் ஓர் ஊர் புதையுண்டு கிடக்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் அதெல்ஸ்தான் மன்னர் இங்கே திருமடம் ஒன்றை நிறுவினார். 964-ஆம் ஆண்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் அதில் குடியேறினர். மடத்தின் நிழலில் மிடில்டன் என்னும் சந்தையூர் தழைத்தது. 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடத்தைக் கலைத்தார். துறவியர் அகன்றனர், ஊரோ நிலைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும், விடுதிகளும், பள்ளியும் அங்கிருந்தன.

1752-இல் ஜோசப் டாமர் என்னும் செல்வர் அவ்விடத்தை விலைக்கு வாங்கினார். பின்னர் அவர் மில்டன் பிரபு ஆனார். 1763 முதல், புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் லான்சலட் பிரவுன் அவருக்காகப் பணியாற்றினார். நேர்கோட்டுப் பாத்திகளை ஒதுக்கி, புல்வெளி மாளிகையின் வாயில்வரை படர, மரத்தோப்புகளும் நீர்நிலையும் தாமாகவே அமைந்தவைபோல் தோன்றச் செய்வது பிரவுனின் முறை. அத்தகைய காட்சிக்கு ஊர் இடையூறாயிற்று.

குத்தகைக் காலம் முடிய முடிய, பிரபு வீடுகளைக் கைப்பற்றி இடித்தார். ஹாரிசன் என்னும் வழக்கறிஞர் மட்டும் இசையவில்லை. பிரபு நீரைத் திறந்துவிட்டு அவர் வீட்டை வெள்ளக்காடாக்கினார் என்றும், அவர் வழக்காடி வென்றார் என்றும் அவ்வூர் மரபு கூறுகிறது. இதைக் கேட்கையில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நம் நினைவுக்கு வராமற்போகாது.

மாளிகையின் பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்கில், 1780-ஆம் ஆண்டளவில் புதிய ஊர் எழுந்தது. அதுவே மில்டன் ஆபஸ். கூரை வேய்ந்த, ஒரே சாயலுடைய ஏறத்தாழ நாற்பது குடில்கள் தெருவின் இருமருங்கும் அமைந்தன. ஊரின் பள்ளியும் 1785-இல் பிளாண்ட்ஃபோர்டு நகருக்கு மாற்றப்பட்டது.

இன்று அக்குடில்களைப் பயணிகள் வியந்து நோக்குகின்றனர். பிரவுனின் கலைத்திறனை நாமும் மறுப்பதற்கில்லை. ஆயினும், அழகிய காட்சி எதனையும் காணும்போது, இங்கே முன்பு வாழ்ந்தவர் யாவர், அவர்கள் எங்கே சென்றனர் என்று ஒருமுறையேனும் வினவுதல் நம் கடனன்றோ!