ஒரு போன் லைன், ஆறு கம்ப்யூட்டர்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் திறந்துவிட்டபோது திருச்சி அதில் இல்லை. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் எனப் பெருநகரங்களில்தான் இணைப்பு எண்கள் இருந்தன. மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து இணையத்துக்குப் போக, கம்ப்யூட்டரைப் போன் லைனோடு சேர்க்கும் மோடம் மெட்ராஸுக்கு எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்பு, போட வேண்டியிருந்தது. படங்களோடு பக்கம் பார்க்கும் கணக்குக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாய், ஆனால் வெறும் எழுத்துகள் மட்டும்தான் தெரியும். 172 என்று தொடங்கும் எண்கள் வந்து, உள்ளூர்க் கட்டணத்தில் இணையலாம் என்றான பிறகே மற்ற ஊர்களுக்கு வழி பிறந்தது.

எஸ்டிடி பூத்துகள் பல பிரவுசிங் சென்டர்களாக மாறிய காலம் அது. கடையில் ஐந்தாறு கம்ப்யூட்டர் இருக்கும். போன் லைனோ ஒன்றுதான். அந்த ஒற்றை லைனை எல்லோருக்கும் பங்கிட்டுத் தருவதில்தான் முழுத் திறமையும் இருந்தது.

மோடம் பொருத்திய கம்ப்யூட்டர் வாசல்காரர் போல. மற்றவை நெட்வொர்க் கேபிள் வழியாக அதனிடம் கேட்கும். அது டயல் செய்து, வெளியே போய், பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். முதலில் விங்கேட் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்தன. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இந்தப் பகிர்வு வசதி உள்ளேயே இருந்தது. மோடம் உள்ள கம்ப்யூட்டர் 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு அதுவே முகவரி வழங்கும். கம்ப்யூட்டரே வேண்டாம், நேராக நெட்வொர்க்கில் செருகலாம் என்று 3காம் போன்ற நிறுவனங்கள் தனி மோடம் பெட்டிகளும் விற்றன.

சிக்கலெல்லாம் டயல் செய்யும் இடத்தில்தான் வரும். கல்லூரியிலோ அலுவலகத்திலோ இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் இருந்தால் வெளி லைனுக்கு முதலில் பூஜ்யம் அழுத்த வேண்டும். அதனால் எண்ணை '0,172222' என்று எழுதினார்கள். நடுவிலுள்ள காற்புள்ளி, மோடத்தை இரண்டு விநாடி பொறுக்கச் சொல்லும் கட்டளை. இன்டர்காமின் டயல் டோன் விட்டுவிட்டு ஒலித்தால் மோடத்துக்கு அது புரியாது. 'டயல் டோன் இல்லை' என்று நின்றுவிடும். டோனுக்காகக் காத்திருக்காதே என்பதற்கு 'ஏடிஎக்ஸ்3' என்ற கட்டளை உண்டு. ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் தன் ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த இந்த 'ஏடி' மொழி, பிறகு எல்லா மோடங்களுக்கும் பொதுவாகிவிட்டது. பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் டோனுக்குப் பதில் பல்ஸ் முறையில் டயல் செய்ய வைக்க வேண்டும். கால் வெயிட்டிங் வசதியை நிறுத்தாவிட்டால், யாரோ கூப்பிடும் ஒரு 'பீப்' போதும், ஆறு பேரின் இணைப்பும் ஒன்றாக அறுந்துபோகும்.

ஐப்பசி மழையில் கேபிள் மூட்டுகளில் தண்ணீர் இறங்கினால் லைனில் இரைச்சல் ஏறும், மோடம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இடி இடித்தால் முதல் வேலை போன் வயரைப் பிடுங்குவதுதான். மின்னலில் கருகிய மோடங்கள் அநேகம். லைன் நன்றாக இருந்தாலும் 33.6 கேபிபிஎஸ் என்பது விநாடிக்கு நாலு கிலோபைட் சொச்சம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால், 60 கேபி அளவுள்ள ஒரு படம் வந்துசேர ஒரு நிமிடத்துக்கு மேலாகும்.

அப்படியும் காத்திருந்தார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்த ஸ்ரீரங்கத்துப் பெற்றோருக்கு ஐஎஸ்டி எனும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தோடு பார்க்கையில் இமெயில் பெரிய ஆறுதல். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா ஆசிரியராக இருந்த 'அம்பலம்' போன்ற தமிழ் இணைய இதழ்களும் இப்படிப்பட்ட இணைப்புகளில்தான் வாசகரைச் சேர்ந்தன. அன்று தளத்துக்குத் தளம் தனி எழுத்துரு. அதை ஒருமுறை இறக்கி நெட்வொர்க்கில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நகலெடுத்துவிட்டால், அடுத்து வருபவர் புரியாத குறிகளைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. பெயர் வெளியே தெரியாத கடைக்காரர்கள் செய்த இந்தச் சின்ன வேலைக்குத் தமிழ் இணையம் கடன்பட்டிருக்கிறது.

ஆபத்தும் இருந்தது. தெரியாமல் இறங்கிய சில புரோகிராம்கள் உள்ளூர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சொல்லாமல் ஏதோ வெளிநாட்டு எண்ணுக்கு டயல் செய்யும். மாதக் கடைசியில் பில் வந்த பிறகுதான் விஷயம் தெரியும். ஐஎஸ்டியைப் பூட்டி வைப்பது ஒரு காவல். மோடத்தின் கிறீச்சிடும் ஸ்பீக்கரை அணைக்காமல் விடுவது இன்னொன்று: கேட்காத நேரத்தில் டயல் சத்தம் வந்தால் உடனே ஓடிப் பார்க்கலாம்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது, போன் பேசிக்கொண்டே இணையம் பார்க்க முடிந்தது. ஆனாலும் டயல் செய்த காலத்து அமைப்புகள் முற்றாக மறையவில்லை. இன்றைய ஃபைபர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டுக்குக் கீழே 'தேவைப்படும்போது இணை', 'சும்மா இருந்தால் இத்தனை நிமிடத்தில் துண்டி' என்ற தேர்வுகள் பல மாடல்களில் இருக்கின்றன. நிமிடத்துக்குக் காசு போன காலத்தில் அவை பணத்தை மிச்சப்படுத்தின. இப்போது 'எப்போதும் இணைந்திரு' என்பதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருக்கும் மகள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கேமராவைப் பார்க்க நினைக்கும் நேரத்தில் ரவுட்டர் இணைப்பை விட்டிருக்கலாம். அதை வெளியிலிருந்து எழுப்ப முடியாது.