1752 செப்டம்பரில் 11 நாட்கள் மிஸ்ஸிங்! கம்ப்யூட்டரின் 'கேல்' கட்டளை காட்டும் விநோத காலண்டர்... பின்னணி என்ன?

கம்ப்யூட்டரில் ஒரு மாதத்தின் காலண்டரைப் பார்க்க மவுஸ் வேண்டாம், ஆப் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். லினக்ஸ் அல்லது மேக் கம்ப்யூட்டரில் டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து மூன்றே எழுத்து தட்டினால் போதும். அந்த மாதம் முழுக்க கட்டம் கட்டி வந்து நிற்கும்.

ஆனால் அதே கட்டளையில் 1752-ஆம் ஆண்டு செப்டம்பரைக் கேட்டால் இப்படி வருகிறது:

ஞாயிறு முதல் சனி வரை
முதல் வரி: செவ்வாய் 1, புதன் 2, வியாழன் 14, வெள்ளி 15, சனி 16
இரண்டாம் வரி: 17 முதல் 23 வரை
மூன்றாம் வரி: 24 முதல் 30 வரை

அவ்வளவுதான், மாதம் முடிந்துவிட்டது. 2-ஆம் தேதிக்கு அடுத்தது நேராக 14-ஆம் தேதி. நடுவில் இருக்க வேண்டிய 11 நாட்களைக் காணோம். முதல்முறை பார்க்கிற பலரும் கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் தப்பு எதுவும் இல்லை.

*'கேல்' கட்டளை என்றால் என்ன?*

காலண்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள்தான் (சி, ஏ, எல்) இந்தக் கட்டளை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1970-களின் முதல் பாதியிலேயே இது இருந்தது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் இன்றும் இருக்கிறது. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இந்தக் கட்டளை கிடையாது. சில லினக்ஸ் பதிப்புகளில் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

*எப்படிப் பயன்படுத்துவது?*

• 'கேல்' என்று மட்டும் தட்டி என்டர் அழுத்தினால், நடப்பு மாதம் வரும்.

• 'கேல்' என்று தட்டி, இடைவெளி விட்டு 2026 என்று கொடுத்தால், அந்த ஆண்டின் 12 மாதங்களும் வரும்.

• 'கேல்', இடைவெளி, 8, இடைவெளி, 1947 என்று கொடுத்தால், 1947 ஆகஸ்ட் மட்டும் வரும். நாடு சுதந்திரம் அடைந்த 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்பது தெரியும். நீங்கள் பிறந்த கிழமையையும் இப்படியே கண்டுபிடிக்கலாம்.

• 'கேல்', இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி 3 என்று கொடுத்தால், போன மாதம், இந்த மாதம், அடுத்த மாதம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

ஒரு விஷயத்தில் உஷார். ஆண்டை முழுசாகக் கொடுக்க வேண்டும். 1947-க்குப் பதிலாக 47 என்று சுருக்கினால், கி.பி. 47-ஆம் ஆண்டின் காலண்டர் வந்து நிற்கும்.

*அந்த 11 நாட்கள் எங்கே போயின?*

ஜூலியஸ் சீசர் காலத்தில் வந்த ஜூலியன் காலண்டர், ஓர் ஆண்டுக்கு 365.25 நாட்கள் என்று கணக்கு வைத்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் லீப் வருடம். ஆனால் பருவங்கள் ஒரு சுற்று சுற்றி வர ஆகும் காலம் சுமார் 365.2422 நாட்கள். ஆண்டுக்கு 11 நிமிடம்தான் வித்தியாசம். கேட்க அற்பமாக இருந்தாலும், சுமார் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

16-ஆம் நூற்றாண்டில் இந்தப் பிசகு 10 நாட்களாகச் சேர்ந்துவிட்டது. பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் 21, காலண்டரில் மார்ச் 11-க்கே வந்துவிட்டது. அந்த நாளை வைத்துத்தான் ஈஸ்டர் பண்டிகை கணக்கிடப்பட்டது என்பதால், போப் 13-ஆம் கிரிகோரி 1582-ல் திருத்தம் கொண்டுவந்தார். 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டு வருடங்களில் 400-ஆல் வகுபடுவது மட்டுமே லீப் வருடம் என்றும் விதி மாறியது. நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டர் இதுதான்.

கத்தோலிக்க நாடுகளான இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் உடனே மாறின. 1582 டிசம்பரில் பிரான்ஸும் மாறியது. புராட்டஸ்டன்ட் நாடான இங்கிலாந்தோ 170 ஆண்டுகள் அடம்பிடித்தது. அதற்குள் 1700-ஆம் ஆண்டும் வந்துபோனது. பழைய கணக்கில் அது லீப் வருடம், புதிய கணக்கில் இல்லை. எனவே 10 நாள் வித்தியாசம் 11 நாளானது.

கடைசியில் 1751-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. காலனிகளுக்கும் பொருந்திய அந்தச் சட்டத்தின்படிதான் 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள், செப்டம்பர் 14 வியாழக்கிழமை ஆனது. தேதி தாவினாலும் கிழமை தாவவில்லை. 'கேல்' கட்டளை வழக்கமாக இந்தப் பிரிட்டிஷ் தேதியைத்தான் பின்பற்றுகிறது.

*வாடகை, கடன் எல்லாம் என்ன ஆனது?*

11 நாள் குறைந்தால் வாடகையும் கடன் தவணையும் 11 நாள் முன்னதாகவே வந்து நிற்குமே என்ற கவலை அப்போதே இருந்தது. அதனால் பணம் செலுத்தும் கெடுக்களை முன்கூட்டியே கொண்டுவரக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 21 வயது நிரம்புவதற்கும் முழு நாட்கள் கழிய வேண்டும்.

"எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு" என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் கருத்து. வில்லியம் ஹோகார்த் 1755-ல் வரைந்த தேர்தல் ஓவியத்தில் அந்த வாசகம் இருப்பதே கதைக்கு மூலம் என்கிறார்கள். ஆனால் ஒரு தடயம் இன்றும் இருக்கிறது. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குவதற்குக் காரணம் இந்த மாற்றம்தான்.

*சென்னைக்கு ஒரு தேதி, புதுச்சேரிக்கு ஒரு தேதி!*

இது எங்கோ லண்டனில் நடந்த கதை மட்டும் இல்லை. 1752 வரை ஆங்கிலேயரின் சென்னையும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியும் ஒரே நாளை வெவ்வேறு தேதிகளில் எழுதின.

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைப் பிடித்தது. கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டு புத்தகங்களில் இரண்டு தேதி இருந்தாலும் நாள் ஒன்றுதான். இரண்டு ஊர்த் தமிழர்களுக்கும் அது ஒரே புரட்டாசி! பஞ்சாங்கத்துக்கு இந்தச் சண்டையே கிடையாது. புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு தமிழ்த் தேதியையும் சேர்த்தே எழுதினார். பழைய தேதிகளைச் சரிபார்க்க இது பெரிய உதவி.

*சென்னை பிறந்தது வியாழனா, திங்களா?*

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22 சென்னை தினம் கொண்டாடப்படுகிறது. 1639-ல் கிழக்கிந்திய கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள் இது. மாதம் ஜூலையா, ஆகஸ்டா என்ற விவாதம் தனியாக இருக்கிறது. ஆகஸ்ட் என்றே வைத்துக்கொண்டு 'கேல்' கட்டளையில் 1639 ஆகஸ்டைப் பார்த்தால், 22-ஆம் தேதி வியாழக்கிழமை என்று வரும்.

அதையே பைத்தான் போன்ற நிரல்மொழியில் கேட்டால், திங்கட்கிழமை என்று வரும்! காரணம், பைத்தான் இன்றைய கிரிகோரியன் விதியையே பின்னோக்கி நீட்டிக் கணக்குப் போடுகிறது. அப்போது சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களோ ஜூலியன் கணக்கில் இருந்தார்கள். எனவே அவர்கள் எழுதிய தேதிக்கு வியாழன்தான் சரி. இன்றைய காலண்டருக்கு மாற்றினால் அந்த நாள் 1639 செப்டம்பர் 1 ஆகிறது. அதுவும் வியாழக்கிழமைதான்.

*இதை எங்கே கவனிக்க வேண்டும்?*

பழைய கல்லறை, தேவாலயப் பதிவு, கம்பெனி ஆவணம், குடும்ப வரலாறு என எதில் தேதி தேடினாலும், எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள். ரஷ்யா 1918-ல்தான் மாறியது. கிரீஸ் 1923-ல்தான் மாறியது. ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7-ல் நினைவுகூரப்படுவதற்கும் இதே காரணம்தான்.

இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு சட்டப்படி மார்ச் 25-ல் பிறந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அந்தக் காலத்து ஆவணத்தில் ஜனவரி, பிப்ரவரி என்று இருந்தால், ஆண்டும் ஒன்று குறைவாக எழுதப்பட்டிருக்கலாம். 'கேல்' கட்டளை இதைக் காட்டாது. எல்லா ஆண்டையும் ஜனவரியில்தான் தொடங்கும்.

புதிய லினக்ஸ் பதிப்புகளில், ரிஃபார்ம் என்ற கூடுதல் தேர்வைக் கொடுத்து ஜூலியன் அல்லது கிரிகோரியன் கணக்கை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கிரிகோரியன் என்று கொடுத்தால், 1752 செப்டம்பர் 30 நாட்களோடு முழுசாக வரும். ஆனால் லண்டனிலோ சென்னையிலோ இருந்த எந்த ஆங்கிலேயரும் அந்த மாதம் 3-ஆம் தேதி என்று ஒரு கடிதத்தில்கூட எழுதியிருக்க முடியாது. அப்படி ஒரு கடிதம் உங்கள் கைக்கு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தேதியைத்தான்.